கண் கூசாத பக்கம்

வேலைக்கு மனுப் போடுவதற்காகப் படம் எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை பழைய தீக்காயம். முடியை அந்தப் பக்கமாக இழுத்து விட்டு, அது விலகிவிடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள். அவளுடைய கோட்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. படம் எடுப்பவர் அவள் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் கண்ணு கூசும்மா. இப்படித் திரும்பி உட்காருங்க" என்றார்.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். காயம் இருந்த கன்னம் விளக்கை விட்டு ஒதுங்கி, லேசான நிழலுக்குள் போனது. அவர் ஒரு வெள்ளை அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினார், பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். முடியைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. படம் வந்தபோது காயம் அதில் இருந்தது. ஆனால் பார்க்கிறவர் கண் முதலில் அங்கே போகவில்லை. அவளுடைய கண்ணுக்குத்தான் போனது. அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஜன்னலில் கண் கூசுகிற அளவுக்கு என்றைக்குமே வெயில் வந்ததில்லை. கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கிறது. கீழே இஸ்திரிக் கடை வைத்திருந்த எனக்கு அது தெரியும், மேலே குடியிருந்த அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவரைத் தெருவில் எல்லாரும் குடைக்காரர் என்பார்கள். படம் எடுக்கிறவருக்கு இது என்ன பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மாடிக்குப் போனால் தெரிந்துவிடும். அறையின் நடுவில் ஒரு குடை விரிந்தபடியே நிற்கும். சாதாரண மழைக்குடைதான். கறுப்புத் துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே அளவுக்கு வெள்ளைத் துணி வெட்டிக் கம்பிகளில் தைத்துக் கொடுத்தது நான். பழுதாகிப்போன ஸ்டாண்டு ஃபேனின் காலில் அதைக் கட்டி, குடையின் குழிவுக்குள் விளக்கைத் திருப்பி வைத்திருப்பார். விளக்கு ஆளைப் பார்க்காது, குடையைத்தான் பார்க்கும். குடையில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் முகத்தில் விழும். அப்படி விழுந்தால் மூக்கின் நிழல் வெட்டின மாதிரி இருக்காது, மாவு தூவின மாதிரி இருக்கும்.

"வீட்டுக்குள்ளயே குடை பிடிக்கிறீங்களே, கூரை ஒழுகுதா?" என்று கேலி செய்யாத வாடிக்கைக்காரர் கிடையாது. "ஆமாங்க, வெளிச்சம் ஒழுகுது" என்பார் அவர். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்பவர் போலச் சிரிப்பார்.

பெரிய கடைகளில் இருக்கிற சாமான் எதுவும் அவரிடம் இல்லை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து எடுத்த தெர்மோகோல் பலகை ஒன்று. அதை விளக்குக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் இருட்டுக் கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் போய்ச் சேரும். சாப்பாடு சுற்றுகிற வெள்ளித்தாளைக் கசக்கிப் பிரித்து ஒட்டின அட்டை ஒன்று. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் பாதி காணாமல் போய்விடும். முகம் உப்பலாக இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுவார். பின் சுவருக்கு, மிஞ்சின சுண்ணாம்பில் கரியைக் குழைத்து அவரே சாம்பல் நிறம் அடித்திருந்தார். ஸ்டூலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டால் அந்தச் சுவர் கறுத்துக்கொண்டே போகும், கிட்டப் போட்டால் வெளுக்கும். ஒரே சுவரை வைத்துக்கொண்டு பல சுவர் காட்டுவார்.

தோளுக்குக் கீழே படத்தில் வராது. அதனால் காலரும் முன் பட்டையும் மட்டும் தேய்த்தால் போதும் என்று சட்டைக்காரர்களை என்னிடம் இறக்கிவிடுவார். மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக எத்தனையோ பெரிய மனிதர்கள் என் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய படத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு அது தெரியப்போவதில்லை.

அவருக்கு ஒரு துணை இருந்தது. சலூன்காரர் எவரோ குப்பையில் போட்ட பிளாஸ்டர் தலை அது. மூக்கு நுனி உடைந்திருக்கும். வாடிக்கைக்காரர் வருவதற்கு முன்னால் அதை ஸ்டூலின் மேல் வைத்து, அதன் முகத்தில்தான் வெளிச்சத்தைச் சரிபார்ப்பார். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் நிமிரு. ம், அவ்வளவு வேணாம்" என்று அவர் பேசுவது கீழே எனக்குக் கேட்கும். யாரோ ஆள் வந்திருக்கிறார் என்று தேநீர் வாங்கிக்கொண்டு மேலே போவேன். அறையில் அவரும் அந்தத் தலையும் மட்டும் இருப்பார்கள். வாங்கின தேநீர் வீணாகக்கூடாது என்று இரண்டு கிளாசையும் அவரே குடிப்பார். "மாப்பிள்ளைக்கு சூடு ஆகாது" என்பார்.

அவருடைய மனைவி, கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. வேறு ஊரில் ஒரு தம்பி உண்டு. மற்றபடி ஒருவரும் இல்லை. நாள் முழுக்க மனித முகத்தையே பார்க்கிற தொழில் அவருக்கு. கடை மூடின பிறகு அவர் முகத்தைப் பார்க்க ஒருவர் இல்லை. விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தால்தான் முகம் மெத்தென்று தெரியும், தள்ளி வைத்தால் முரட்டுத்தனமாக இருக்கும் என்று எல்லாருக்கும் சொல்லுவார். அவரோ எல்லாரிடமிருந்தும் ஒரு கை தூரம் தள்ளியே நின்றார். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிடக் கூப்பிட்டால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்.

ஒரு நாள் குடைத் துணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, துணி ரொம்ப மஞ்சள் அடிச்சுப்போச்சு. நீலம் போட்டு அலசிக் கொடு."

வாங்கிப் பார்த்தேன். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. பெரியவர் சொல்கிறாரே என்று நீலம் போட்டு அலசி, காயவைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடி கொண்டுவந்தார். இன்னும் மஞ்சள் போகவில்லை என்றார். இன்னொரு தடவையும் கொண்டுவந்தார். அப்போது அந்தத் துணி நீலம் ஏறி ஏறி, வெளுத்த வானம் மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "பாரு, எப்படி மஞ்சளா இருக்குன்னு" என்று என்னிடம் காட்டினார். நான் துணியை விட்டுவிட்டு அவர் கண்ணைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வாடிக்கைக்காரர்களும் என்னிடம் வந்து முனக ஆரம்பித்தார்கள். மேலே போய் அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. படியிறங்கி என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். வாட்ச்மேன் வேலைக்குப் படம் எடுத்த ஒருவர் அதை என் மேசைமேல் வைத்தார்.

"ஏங்க்கா, நீங்களே சொல்லுங்க. நான் தண்ணியில விழுந்து மூணு நாள் கழிச்சு எடுத்த ஆள் மாதிரி இல்ல?"

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. குடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, நிறத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அச்சுப் போடுவார். அவர் கண்ணுக்கு முகமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. மஞ்சளடித்த வேட்டிக்கு நான் நீலம் போடுவது போல, அவர் மனிதர்களுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சமும் அவருக்குப் போதவில்லை. குடையை முகத்துக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுபோனதில், நெற்றி வெளுத்துப்போயிருந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று வீட்டுக்காரர் பழமொழியை எடுத்துவிட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. பாவம், யாராவது சொல்லணுமே என்றார். அந்த யாராவது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆண்டவனை வேண்டிக்கொண்டு மறுநாள் மேலே போனேன்.

அன்றைக்கு ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆட்களின் படங்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வருஷா வருஷம் அவரிடமே ஆள் அனுப்பும் கம்பெனி அது. அவர் ஜன்னலோரம் நின்று அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இவங்களுக்கு என்ன குறைன்னு எனக்குப் புரியல" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, துணி மஞ்சள் இல்லண்ணே. மொத நாள்லேர்ந்தே வெள்ளைதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படங்களை மேசைமேல் வைத்து ஓரம் தட்டிச் சேர்த்தார். அதன் பிறகுதான் சொன்னார், மெதுவாக, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. கண்ணில் மங்கல் தட்டுவதை அவர் முன்பே கவனித்திருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், முதலில் ஒன்று செய்து, பிறகு மற்றதைச் செய்தால் பழையபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது நடந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. நிறம் மாறித் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை, மங்கல்தான் என்று இவரும் இருந்துவிட்டார்.

"அப்புறம் ஏண்ணே செய்யல?"

"கூட ஆள் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. கண்ணைக் கட்டி அனுப்புவாங்களாம், தனியா விட மாட்டாங்களாம். சரின்னு வந்துட்டேன்."

"வந்துட்டு?"

"வந்துட்டேன். அவ்வளவுதான்."

தம்பியைக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். ஒரு நாள் போன் போட்டதாகச் சொன்னார். தம்பி எடுத்ததும், வேலை தலைக்கு மேலே இருக்கிறது என்று ஆரம்பித்தாராம். இவர், அங்கே மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

நான் வருகிறேன் என்றேன். உடனே கையை ஆட்டினார். உனக்குக் கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக்காரர் சும்மா இருந்தாலும் தெரு சும்மா இருக்காது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஸ்டூலைக் காட்டினார். "வேணும்னா மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். என்ன, அவனுக்கும் கண்ணு தெரியாது."

இருவரும் சிரித்தோம்.

கூட வர ஒரு ஆள். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்கத் தெரியாமல் ஒரு மனிதர் தன் கண்ணையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் கண்ணை வைத்துப் பிழைக்கிறவர். இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தப் படிக்கட்டில் யாரும் ஏறமாட்டார்கள். அன்றைக்கு விளக்கணைத்துப் படுக்கும்போது அந்தத் தீக்காயப் பெண் நினைவுக்கு வந்தாள். ஒருவரை நேராகப் பார்த்து உன் குறை இதுதான் என்று சொல்லாமலே திருப்பி உட்கார வைக்கலாம் என்று அவரிடம்தான் பார்த்திருந்தேன்.

நாலைந்து நாள் சும்மா இருந்தேன். பிறகு, இஸ்திரிச் சூட்டில் என் கண் எரிகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போயிருக்கிறார், எனக்கோ ஆஸ்பத்திரி என்றாலே கை கால் உதறும் என்றேன்.

"அண்ணே, கூட வர்றீங்களா? தனியா போகப் பயமா இருக்கு."

"இதுக்கு என்ன கேள்வி? காலையில கிளம்பிடலாம்" என்றார். தனக்காக ஒரு வருஷம் நகராத மனிதர், எனக்காக மறுநாள் தலை சீவிச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சொன்னது பொய்தான். அதற்காக ஆண்டவனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருந்தேன். ஆனால் டாக்டர் என் கண்ணைச் சோதித்துப் பார்த்து, கிட்டப் பார்வை போயிருக்கிறது, கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் சொன்ன பொய்யை ஆண்டவன் மெய்யாக்கிக் கொடுத்துவிட்டான்.

என் வேலை முடிந்ததும் நர்சிடம், இவருடைய கண்ணையும் பாருங்கள், போன வருஷமே வந்துவிட்டுப் போனவர் என்றேன். அவர் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. பார்த்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று திட்டினார்கள். அதே வாரத்தில் ஒரு நாள் குறித்தார்கள்.

"கூட யாரு வருவாங்க?" என்று நர்சு கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்சு நகர்ந்த பிறகு, பெஞ்சில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்னையே திருப்பி உட்கார வச்சிட்டியே தங்கச்சி."

ஆபரேஷன் வலது கண்ணில் நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார், அவரும் வந்து மாடிக்கு ஏற்றிவிட்டார். படி ஏறும்போது குடைக்காரர் கை என் கையில் இறுகியிருந்தது. அதற்கு முன் எவர் கையை எப்போது பிடித்திருப்பாரோ, தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"உனக்கு இவ்வளவு நரையா? போன வாரம் இல்லையே!"

நர்சு சிரித்துவிட்டாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அறைக்கு வந்ததும் நேராகக் குடையிடம் போனார். துணியைத் தொட்டுப் பார்த்தார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார், இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்த ஒரு வருஷத்துப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் நீலமாக இருந்தார்கள். வேலைக்குப் போகிற பையன்கள், கல்லூரிப் பெண்கள், டிரைவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். அவர் ஒன்றையும் விடாமல் பார்த்தார். வெளிச்சம் இருக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோய் வைத்த சாப்பாடு மூடினபடியே இருந்தது.

அடுத்த நாள் படிக்கட்டு அடியில், என் கடைக்குப் பக்கத்தில், ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். படம் நீலமாக வந்திருந்தால் மேலே வாருங்கள், புதிதாக எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று எழுதியிருந்தது. காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளையை ஸ்டூலில் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பார். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் அந்தப் படத்தை எங்கேயோ ஒட்டி, எங்கேயோ கொடுத்து, மறந்துவிட்டிருந்தார்கள். வாட்ச்மேனை நானே தெருவில் நிறுத்திச் சொன்னேன். மேலே போனவர் போன வேகத்தில் இறங்கி வந்தார். அந்த நீலப் படத்தோடு போன இடத்தில்தான் வேலை கிடைத்ததாம், ராசியான முகத்தை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிக் குடைக்காரர் நாள் முழுக்கச் சிரித்தார். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை. எழுத்து வெளுக்கிற வரை அது அங்கேயே தொங்கியது.

தொழில் மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கண்ணை எப்போது செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "படம் பிடிக்க ஒரு கண்ணு போதும் தங்கச்சி. இன்னொண்ணை எப்படியும் மூடிக்கத்தானே போறேன்" என்பார். நான் முறைத்தால், சரி சரி, மழைக்காலம் போகட்டும் என்பார். மழைக்காலம் போனதும் வெயில் குறையட்டும் என்றார்.

அதற்குள் வீட்டுக்காரருடைய கம்பெனி வேறு ஊருக்கு மாறியது. லாரிகளை எல்லாம் அங்கே கொண்டுபோனார்கள். நாங்களும் போகத்தான் வேண்டியிருந்தது. கடையை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். செய்தியைச் சொல்ல மேலே போனபோது குடைக்காரர் தெர்மோகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. நல்லது, பெரிய ஊர், பிள்ளைகளுக்குப் படிப்பு நன்றாக இருக்கும் என்றார். அந்தப் பலகையில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள் என்று என்னை உட்கார வைத்தார். இத்தனை வருஷத்தில் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. மாப்பிள்ளையை எடுத்துத் தரையில் சுவரைப் பார்த்து வைத்தார். பொறாமைப்படுவான் என்றார். என் கண்ணாடியில் விளக்குப் பளிச்சிடுகிறது என்று குடையை உயர்த்தினார், காதில் மாட்டியிருந்த கண்ணாடிக் காம்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். வெள்ளித்தாள் அட்டையை மடியில் வைத்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. சிரி என்று சொல்லவும் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் சும்மா நின்றார், நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது அழுத்தினார் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. நிறம் மாறாமல், நான் இருக்கிற மாதிரியே இருக்கிறேன், நரையோடு. கிட்டப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் என் கண்மணிக்குள் சின்னதாக ஒரு வெள்ளைக் குடை தெரியும். குடைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு. அதுதான் அவர். ஊரில் எல்லாரையும் படம் எடுத்தவருக்கு வேறு படம் கிடையாது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பஸ் நிலையத்துக்கு வந்தார். அவர் அந்தத் தெருவைத் தாண்டி வந்து நான் பார்த்தது ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான். வீட்டுக்காரர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அண்ணே, அந்தக் கண்ணுக்குக் கூட யாரு வருவா?"

"தம்பி வர்றேன்னு சொல்லிட்டான். நாள்கூடக் குறிச்சாச்சு" என்றார் உடனே. "நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே."

எனக்கு மனப்பாரம் இறங்கியது. ஆண்டவன் அந்தத் தம்பிக்கு நல்ல புத்தி கொடுத்தான் என்று அப்போதே மனதுக்குள் நன்றி சொன்னேன். பிறகு இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டு தடவையும் எல்லாம் நன்றாக முடிந்தது, இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது என்றார். சில வருஷம் கழித்து, அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எங்கள் கடையை எடுத்துக்கொண்டவர் தகவல் சொன்னார். ஓடினேன். அடக்கத்துக்கு வந்திருந்த தம்பியைப் பார்த்து, அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் சமயத்தில் கூட இருந்தீர்களே, அதற்கு உங்களுக்குப் புண்ணியம் உண்டு என்றேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். எந்த ஆபரேஷன் என்று கேட்டார்.

ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. நிம்மதியாகத்தான் பஸ் ஏறினேன். அவர் நின்ற பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்து, கம்பியில் முகத்தை வைத்து அவரைப் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தது. தரையில் யாருடைய நிழலும் விழவில்லை. பஸ் உறும ஆரம்பித்தது. அவர் கிட்டே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அவருடைய வலது கண், நல்ல கண், சிவந்து நிறைந்திருந்தது. என்னை ஒரு தடவைதான் பார்த்தார். உடனே தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தப் பக்கம் கண்ணு கூசும் தங்கச்சி. அந்தப் பக்கமா திரும்பி உட்காரு."